நான் அளந்த கட்டி

நாய்க்குக் கட்டி வந்தால் என்ன செய்வது என்று இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். பென்னலூரில் நாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள்தான் என்பதால் எனக்கு இந்தப் பெயர். கேட்பவர்களிடம் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன். “பாத்த அன்னைக்கே கூட்டிகினு போங்க.” அந்த ஒரு வரியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது நாளுக்கு நாள் கனக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது மணி பக்கத்தில்தான் படுத்திருக்கிறான்.

மணி செம்பட்டை நிறத்து நாட்டு நாய். ஊரை ஒட்டி ஒரு கம்பெனிக்குக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தபோது செங்கல் அடுக்குக்குள் பிறந்தவன். என் கணவர் லுங்கி மடிப்பில் வைத்து எடுத்துவந்தார். இப்போது ஒன்பது வயது தாண்டிவிட்டது. நாய்க்கு அது கிழ வயது. எனக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பது என் கணவருக்கு மறந்து போகும், மணிக்கு மறக்காது. வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வருவான். நான் ஏறிக் கதவு மூடிய பிறகுதான் திரும்புவான். பஸ்ஸில் இருக்கும் பெண்கள், “உங்க செக்யூரிட்டி இன்னைக்கும் டூட்டிக்கு வந்துட்டாரா?” என்று கிண்டல் செய்வார்கள்.

கணவர் பெயர் கோபால். இன்னொரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் மாமாதான். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன். மகள் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மணியும்தான்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கிருந்துதான் வந்தது. ஒரகடத்தில் கார்களுக்கான இரும்புப் பின்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி வேலை. ஒவ்வொரு மணி நேரமும் ஐந்து பின்களை எடுத்து வெர்னியரில் அளக்க வேண்டும். வெர்னியர் என்றால் இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைக் கவ்வி அளவு காட்டும் கருவி. அளந்ததை ஷீட்டில் எழுதி, சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். சார்ட்டின் நடுவில் ஒரு கோடு இருக்கும். புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் மாறி மாறி விழுந்தால் மெஷினுக்கு ஒன்றும் இல்லை. தொடர்ந்து ஏழு புள்ளி ஏறிக்கொண்டே போனால் ஏதோ கெட்டுவிட்டது, லைனை நிறுத்து என்று அர்த்தம். எட்டு வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த விதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியைக் குளிப்பாட்டும்போது, வலது பின்னங்காலின் வெளித்தொடையில் விரலுக்கு ஏதோ தட்டியது. தோலோடு சேர்ந்து கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. அந்த இடத்தில் முடி உதிர்ந்து லேசாகச் சிவந்திருந்தது. மாமா குனிந்து பார்த்தார்.

“டாக்டராண்ட காட்டிடலாம் விஜி.”

“ஒரு உண்ணி கடிச்சதுக்கு டாக்டரா? இரு மாமா, ரெண்டு வாரம் பாப்போம்.”

பார்ப்பது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். ஐ.டி.ஐ. படிக்கும்போது வாங்கிய சொந்த வெர்னியர் பீரோவில் இருந்தது. எடுத்துவந்து அளந்தேன். பதினாலு மில்லிமீட்டர். மகளின் பழைய ரெக்கார்டு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு. அதற்கடுத்து பதினாறு. பிறகு பதிமூன்று. கிராஃப் தாளில் சார்ட் போட்டு பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேறு எந்த வீட்டில் நாயை இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா மறுபடியும் டாக்டர் பேச்சை எடுத்தபோது அவரைப் பீரோவுக்கு முன்னால் நிறுத்தினேன்.

“இங்க பாரு மாமா. ஏறுது, எறங்குது. ஏழு பாயிண்ட் ஒரே பக்கமா போச்சா? கேன்சர் கீன்சரா இருந்தா எறங்குமா? ஏறிக்கினேதானே போவும்?”

அவர் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நீ படிச்சவ. உனக்குத் தெரியும்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

அளக்கும் விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டி தோலுக்குள் இருந்ததால் தாடைகள் சரியாக உட்காரவில்லை. அதனால் இடது கை விரல்களால் கட்டியைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இறுக்கிப் பிடிக்காவிட்டால் ரீடிங் தவறும். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பேன், கம்பெனியில் அப்படித்தான் பழக்கம். மணி ஒரு தடவைகூடக் கடிக்க வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்குவான். ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை நான் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நான் முன்னங்காலைப் பிடித்து வெளியே இழுப்பேன்.

ஞாயிறு சாயங்காலங்களில் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் கறி. எலும்புகளை மாமா தட்டோரத்தில் ஒதுக்கி வைத்து மணிக்குப் போடுவார். பழியை நான் எலும்பின்மேல் போட்டேன்.

“கெயவனுக்கு எலும்பு போடாதேன்னா கேக்கறியா நீ?”

அவர் நிறுத்திவிட்டார். வாந்தி நிற்கவில்லை. எனக்குத் தெரியாமல் போடுகிறார் என்று அடுத்த வாரமும் சண்டை பிடித்தேன். “சத்தியமா போடல விஜி” என்றார். நான் நம்பவில்லை. அன்று ராத்திரி வரை அவரோடு பேசவும் இல்லை.

இப்படியே நாலு மாதம் ஓடியது. பிறகு கட்டியின் மேல்தோல் வெடித்து நீர் கசிந்தது. மணி அதையே நக்கிக்கொண்டிருந்தான். மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினேன். வாசல் கேட் வரை வந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாலை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ்ஸில் அன்று யாரும் செக்யூரிட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மாமா தெரிந்தவர் ஆட்டோ ஒன்றை வாசலில் நிறுத்தியிருந்தார். மணி கழுத்தில் கயிறு. என்னைக் கேட்கவில்லை. “ஏறு” என்றார்.

ஸ்ரீபெரும்புதூரில் எல்லோரும் மாட்டு ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். வெளியே ஒரு சினைப் பசுவும் மூன்று ஆடுகளும் நின்றன. டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும், நிதானமானவர். கட்டியைத் தொடாமல் முதலில் கேள்வியாகக் கேட்டார்.

“எப்போ பாத்தீங்க?”

“நாலு மாசம் ஆவுது சார்.”

“ஒரே சைஸா இருந்துச்சா, கூடிக் குறைஞ்சுதா?”

நான் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல நோட்டை நீட்டினேன். “ரெக்கார்டு இருக்கு சார்.” அவர் ஒரு பக்கம் விடாமல் படித்தார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் என்பதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

“இதை எப்படிம்மா அளந்தீங்க?”

விரல்களால் காற்றைக் கிள்ளித் தூக்கிக் காட்டினேன். அவர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

“வாந்தி எடுக்கறானா?”

“எடுக்கறான் சார்.”

“எப்பெப்ப?”

“ஞாயித்துக்கெயமைல சார். சாயங்காலமா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்க அளக்கறது என்னைக்கும்மா?”

நோட்டில் தேதியோடு கிழமையும் போட்டிருந்தேன், அவர் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

“இனிமே தொடாதீங்க. அமுக்கவே கூடாது” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். நமக்கு எறும்பு கடித்தால் அந்த இடம் தடித்துச் சிவந்து அரிக்கிறது அல்லவா, அதைச் செய்வது தோலுக்குள் காவலுக்கு இருக்கும் ஒருவகை செல். மாஸ்ட் செல் என்று பெயர். அதற்குள் குருணை குருணையாகச் சில ரசாயனங்கள் இருக்கும். அந்த செல்களே கட்டுக்கடங்காமல் பெருகிக் கட்டியாவது உண்டு. நாய்களுக்குத் தோலில் வரும் புற்றுநோய்களில் இது ஒன்று. அப்படிப்பட்ட கட்டியை அமுக்கினால் குருணைகள் வெடித்துக் கொட்டும். சுற்றிலும் வீங்கும், சில நாளில் வடியும். அதனால்தான் ஏறும், இறங்கும். கொட்டியது ரத்தத்தில் கலந்து வயிற்றில் அமிலத்தைச் சுரக்கவைக்கும். வயிறு புண்ணாகி வாந்தி வரும், ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகும்.

“இதுதான்னு நான் இன்னும் சொல்லல. சந்தேகப்படறேன். சென்னைக்குப் போங்க, அங்க ஊசி டெஸ்ட் பாத்துச் சொல்லிடுவாங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வயிற்றுப் புண்ணுக்கும் அலர்ஜிக்கும் அன்றே ஊசி போட்டார்.

ஆக, எந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டி ஒன்றுமில்லை என்று சாதித்தேனோ, அதுதான் அந்த நோயின் அடையாளம். என் விரல்தான் அவனை வாந்தி எடுக்கவைத்தது. அதற்கு எலும்பு போட்டவரைத் திட்டினேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது மாமா ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மணியின் காதைத் தடவிக்கொண்டே வந்தார்.

நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். காய்கறி ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்றை மாமா சிநேகிதரிடம் கேட்டு வாங்கிவந்தார். பின்னால் கோணிப்பையும் பாயும் விரித்து நானும் மணியும், முன்னால் ஓட்டுவதற்கு அவர். டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கேள்விப்பட்டு விடிவதற்கு முன் கிளம்பினோம். சென்னையில் அந்தப் பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னாலேயே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏ.சி. காரில் வந்த நாயும் இருந்தது, சாக்குப்பையில் வந்த நாயும் இருந்தது. பெஞ்சில் எல்லாரும் ஒரே வரிசைதான். பக்கத்தில் ஒரு பூக்காரம்மா மூங்கில் கூடையில் பூனையோடு இருந்தார்.

“உங்களுக்கு எத்தினியாவது வாட்டி?” என்று கேட்டார்.

“இதான் முதல்.”

“எனுக்கு நாலாவது. ஒக்காந்துக்கோ, காலை நீட்டிக்கோ. உள்ள கூப்புட மத்தியானம் ஆவும்.” தன் சொம்பிலிருந்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

உள்ளே இருந்த டாக்டர் இளம்பெண். மணியின் வாயைப் பஞ்சுத்துணிப் பட்டையால் கட்டச் சொன்னார். சாதாரண ஊசியை விட மெல்லிய ஊசி. கட்டிக்குள் குத்தி, வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். மாஸ்ட் செல்தான் என்றார்கள். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் டாக்டர் வாயால் கேட்டபோது மணியின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். வேறொரு நாள் வரச்சொல்லி வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், கல்லீரலிலும் மண்ணீரலிலும் பரவியிருக்கிறதா என்று பார்க்க. நமக்குக் காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அது போல நாய்க்கு முழங்காலுக்குப் பின்னால் ஒரு முடிச்சு உண்டு. கட்டி பரவினால் முதலில் அங்கேதான் போகும் என்று அதையும் தடவிப் பார்த்தார்கள். அன்றைக்கு அது சின்னதாக, மெத்தென்று இருந்தது. ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள்.

“நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்குமா மேடம்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா” என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்குச் சம்மதப் பத்திரம் ஒன்று இருந்தது. வளர்ப்பவர் பெயர் என்ற இடத்தில் மாமாவை எழுதச் சொன்னேன். அவர்தானே மடியில் தூக்கிவந்தவர். “உன் பேரே போடு” என்று பேனாவை என்னிடம் தந்தார். நீதானே எல்லாம் தெரிந்தவள், நீயே போடு என்கிறாரோ என்று தோன்றியது. அவர் அப்படி நினைக்கும் ஆள் இல்லை. ஆனால் குற்றம் செய்தவளுக்கு எந்தச் சொல்லும் அப்படித்தான் கேட்கும்.

ஆபரேஷன் அன்று காலை வெறும் வயிற்றோடு கொண்டுபோனோம். மயக்க மருந்து கொடுக்க மேஜைமேல் ஏற்ற வேண்டும். நான் இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனதும் மணி நடுங்க ஆரம்பித்தான். காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன, உதட்டை நக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த அதே முகம்.

“யார் பிடிச்சா அமைதியா இருப்பான்?” என்று டாக்டர் கேட்டார்.

“அவரு” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். மாமா தூக்கியதும் அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அடங்கிவிட்டான். இத்தனை வருஷம் என்னைப் பஸ் ஏற்றிவிட்டவன் என் கையைப் பார்த்துப் பயந்தான். கேன்சர் என்று சொன்ன நாளைவிட எனக்கு அந்த நிமிஷம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

இரண்டு மணி நேரம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மாமா இரண்டு தடவை டீ வாங்கிவந்தார், இரண்டு தடவையும் ஆறவிட்டேன். அப்புறம் கூப்பிட்டார்கள். கட்டி எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது, ஆனால் தையல் என் உள்ளங்கை நீளத்துக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் வேர் பரவியிருக்கும் என்பதால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பி, நோய் எந்த அளவு வீரியமானது, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மணி அரைக்கண் திறந்து, நாக்கு வெளியே தொங்கக் கிடந்தான். நான் தொடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பன்னிரண்டு நாள் தையலை நக்கவிடக் கூடாது. மாமா பழைய பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை வட்டமாக அறுத்து, விளிம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தைத்து, மணியின் தலையில் மாட்டினார். அதோடு கதவிலும் கட்டிலிலும் இடித்துக்கொண்டே திரிந்தான். அவனுக்காக மாமா பாயைக் கூடத்துக்கு மாற்றித் தரையில் படுத்தார். நாளெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்த மாதங்கள் அவை. காலண்டர் அட்டையால் அவனுக்கு விசிறிவிடுவார்.

எனக்கு லீவு இல்லை. லைனில் என்னோடு வேலை செய்யும் முத்துலட்சுமி தூத்துக்குடிக்காரி, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நான் கேட்காமலே வந்து சொன்னாள். “எக்கா, பகல்ல நீங்க வீட்ல இருங்க. ஒங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். சூப்பர்வைசர்ட்ட சொல்லியாச்சு.” அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் முறை மாற்றிக்கொண்டாள். நடந்ததை அவளிடம் மட்டும் கொஞ்சம் சொன்னேன். “ஒங்க மேல என்னக்கா தப்பு? மத்தவங்க திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க” என்றாள். அன்போடுதான் சொன்னாள். எனக்குத்தான் அது உள்ளே இறங்கவில்லை.

பகலில் மாமா பஸ் எடுக்கப் போய்விடுவதால் புண்ணைத் துடைத்து மருந்து போடுவது என் வேலை. முதல் நாள் பஞ்சோடு பக்கத்தில் போனபோது பயத்தில் இருந்த இடத்திலேயே மூத்திரம் போனான். பஞ்சைக் கீழே வைத்துவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்று மருந்தைச் சாயங்காலம் மாமா வந்துதான் போட்டார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து தயிர்சாதத்தை என் உள்ளங்கையில் வைத்து நீட்டியபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். இடுப்புக்குக் கீழே கையைக் கொண்டுபோகவே இல்லை. ஆறாம் நாள் அவனே பக்கெட்டோடு என் மடியில் வந்து இடித்துப் படுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு புண்ணைத் துடைத்தேன். நடுங்கினான், ஆனால் எழுந்து போகவில்லை. பீரோ கதவில் இருந்த சார்ட்டை அன்று மத்தியானம்தான் கிழித்தேன்.

தையல் பிரிக்கப் போனபோது ரிசல்ட் வந்திருந்தது. நடுத்தர வீரியம் உள்ளது, மூன்று பக்க ஓரம் சுத்தம், கீழ்ப்பக்கம் மட்டும் நூலிழை அளவுதான் நல்ல சதை என்றார்கள். மறுபடி அறுத்தால் காலையே எடுக்க வேண்டிவரலாம். இந்த வயதுக்கு அது வேண்டாம், மாத்திரை கொடுத்துக் கவனித்துக்கொண்டிருப்போம் என்று டாக்டர் சொன்னார். ஒவ்வொரு மாதமும் காட்டச் சொன்னார்.

அதற்குப் பின் வந்த ஐந்து மாதத்தை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். அந்த மாத்திரை பகாசுரப் பசியைக் கொடுத்தது. இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால் மாத்திரையோடு என் விரலையும் விழுங்கப் பார்ப்பான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், வயிறு பெருத்தது. ஒரு நாள் காலையில் கேட்டைத் தாண்டி என்னோடு நடந்து வந்தான், பாதி வழியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி வந்தான். பஸ்ஸே கைதட்டியது. டிரைவர் அவனுக்காக ஹாரன் அடித்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆறாவது மாதச் செக்கப்பில் டாக்டரின் விரல் முழங்காலுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. எப்போதும் தடவிவிட்டு மேலே போகும் விரல் அன்று அங்கேயே இருந்தது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுபடி அந்த மெல்லிய ஊசி, கண்ணாடித் தகடு, பெஞ்சு. மத்தியானம் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.

நோய் முடிச்சுக்குப் போய்விட்டது. இனி கத்தி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. மாத்திரையைக் கூட்டலாம், வயிற்றுக்கு மருந்து கொடுக்கலாம். சில மாதங்கள் நன்றாகவே இருப்பான், தின்பான், நடப்பான். “சாப்பாட்டை நிறுத்தினா உடனே கூட்டிட்டு வாங்க. வலிக்காம பாத்துக்கலாம்” என்றார் டாக்டர்.

“நான் லேட் பண்ணதாலதானே மேடம்?”

“அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் வந்தாலும் சிலதுக்குப் பரவத்தான் செய்யும். நீங்க இவ்வளவு பாத்ததே பெருசு.”

நல்ல மனுஷி. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஒரு பதில் தேவைப்பட்டது. அது என்ன என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

அதே குட்டியானையில் திரும்பி வரும்போது வெயில் கொளுத்தியது. பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வரும்போது மணிக்கு மேல்மூச்சு வாங்கியது. கேபின் தகட்டைத் தட்டினேன். மாமா ஒரு வேப்பமர நிழலில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு பின்பக்கம் வந்தார். கதவுப் பலகையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

“மாமா.”

“இன்னா?”

“எல்லாரும் என்னைத் தேத்திக்கினே கீறாங்க. நீ மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேன்ற. நீ சொன்ன அன்னைக்கே கூட்டிகினு வந்திருக்கணும். நான் பண்ணது தப்புதானே?”

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

“ஆமா விஜி. தப்புதான்.”

பத்து மாதமாக யாரும் சொல்லாத சொல். நெஞ்சில் அடித்ததுபோல் வலித்தது. வலித்த பிறகுதான், இத்தனை நாளும் நான் சரியாக மூச்சு விடாமலே இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை.

“எம்மேலயும் தப்பு கீது” என்றார். “பீரோல நீ ஒட்டன சார்ட்டைப் பாத்துட்டு சும்மா இருந்தேன். உன்னக் கேக்காம தூக்கிகினு போயிருக்கணும். போவல.” பிறகு பாட்டிலைத் திறந்தார். “அய்தது போதும். கைய நீட்டு.”

“எதுக்கு?”

“கிண்ணம் எடுத்தாரல. நான் ஊத்தறேன், அவன் உன் கையிலயே குடிக்கட்டும்.”

இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து நீட்டினேன். மாமா ஊற்றினார். மணி தலையைத் தூக்கி என் கையை ஒரு நொடி பார்த்தான். பிறகு வாயை வைத்துக் குடித்தான். விரலிடுக்கில் இருந்ததையும் விடாமல் நக்கினான். தீர்ந்ததும் இன்னும் வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தான்.

மாமா மறுபடி ஊற்றினார்.